சாய்ந்து நிற்கும் கேடயம்: பழைய மரபுச்சின்னப் பலகை ஒன்றைப் பற்றி விளக்கம் வேண்டும்

பலகைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையின் பொருள்களை ஏலம் விட்டபோது, வண்ணத்தில் தீட்டிய மரபுச்சின்னம் ஒன்றை, அதாவது ஒரு குடும்பம் கேடயத்தில் தாங்கும் பரம்பரை அடையாளத்தை, வாங்கினேன். மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்த கித்தான் துணியின் மீது எண்ணெய் வண்ணத்தால் வரையப்பட்டது. சதுர வடிவம், பக்கத்துக்கு நான்கடி இருக்கும். சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சட்டகம். அதன்மேல் ஒருகாலத்தில் கறுப்புத் துணி போர்த்தியிருந்திருக்க வேண்டும். இப்போது துருப்பிடித்த சிறு ஆணிகளும் அவற்றில் சிக்கிய நூல்பிசிறுகளும்தான் மிச்சம். என்னை முதலில் குழப்பியது, கேடயம் நேராக நிற்காமல் ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்து நிற்பதுதான். வரைந்தவர் கைப்பிழை என்று ஏலக்காரர் சொன்னார்.

கேடயம் மேலிருந்து கீழாக இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவருக்கு இடப்பக்கம் கரும்பச்சை நிலம். அதில் வீட்டுக்கூரையைப் போன்ற மஞ்சள் பட்டை. பட்டைக்கு மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக மஞ்சள் பறவைகள். பறவைகளுக்குக் கால்களே இல்லை. வலப்பக்கம் சிவப்பு நிலத்தில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் வெளிர்மஞ்சள் சிங்கம். இடப்பாதியின் மேற்பகுதியில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதற்குள் மணிக்கட்டோடு வெட்டப்பட்ட சிவப்புக் கை. கேடயத்தின் மேல் நம்மை நேராக நோக்கும் இரும்புத் தலைக்கவசம், முகமூடி திறந்த நிலையில். அதற்கும் மேலே ஈட்டி பிடித்த ஒரு கை. தலைக்கவசத்திலிருந்து சிவப்பும் வெள்ளையுமான துணி இலைக்கொத்துப் போல இருபுறமும் சுருண்டு இறங்குகிறது. கீழே ஒரு நாடாவில் 'ரெசுர்கம்' என்ற இலத்தீன் சொல், அதற்கடியில் மண்டையோடு. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ள வெளி இடப்பக்கம் கறுப்பாகவும் வலப்பக்கம் அழுக்கேறிய வெள்ளையாகவும் இருக்கிறது.

சின்னம் என்றாலே புலியும் கயலும் வில்லும் நினைவுக்கு வருகிற நமக்கு, ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. தேடிப் பார்த்தபோது சிங்கம் என்றால் வீரம், சிவப்பு என்றால் போர், பச்சை என்றால் நம்பிக்கை என்று நீண்ட பட்டியல்கள் கிடைத்தன. வெட்டுண்ட கை, முன்னோர் ஒருவர் செய்த கொலையைக் குறிக்கும் என்றும் ஓரிடத்தில் படித்தேன். ஏலக்காரர் ஓர் அச்சுத்தாளையும் பலகையோடு கொடுத்தார். அந்த வீட்டில் கடைசியாக வாழ்ந்தவர்களின் குடும்பப்பெயரும், அந்தப் பெயருக்கு உரியது என்று ஒரு சின்னமும் அதில் அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்தச் சின்னத்துக்கும் என் பலகையில் உள்ளதற்கும் எந்த ஒற்றுமையும் இல்லை.

இந்த உருவங்கள் சொல்வது என்ன? இது யாருடையது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? மேலே படிந்திருக்கும் புகையையும் மஞ்சளையும் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைக்கலாமா?

ஏடறிவான்:

நண்பரே, முதலில் பலகையை ஒரு மூலை உச்சியில் வரும்படி திருப்பி மாட்டிப் பாருங்கள். கேடயம் நிமிர்ந்துவிடும். வரைந்தவர் பிழை செய்யவில்லை; மாட்டியவர்தான் தவறாக மாட்டியிருக்கிறார். அந்த மூலையின் பின்புறத்தில் ஓர் இரும்பு வளையமோ அது இருந்த துளையோ தென்பட்டால் ஐயமே வேண்டாம்.

உங்களிடம் இருப்பது வீட்டுக் கூடத்தை அழகுபடுத்த வரைந்த சின்னம் அன்று. ஒருவர் இறந்த செய்தியை ஊருக்கு அறிவிப்பதற்காக வரையப்பட்ட பலகை அது. ஆங்கிலத்தில் இதை ஹாட்ச்மென்ட் என்பார்கள். முழு மரபுச்சின்னத்தைக் குறிக்கும் அச்சீவ்மென்ட் என்ற சொல் வாய்வழக்கில் தேய்ந்து இப்படி ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து இந்த வழக்கம் இங்கிலாந்துக்கு வந்தது. இறந்தவர் வீட்டின் முகப்பில், வாசலுக்கு மேலே இதைத் தொங்கவிடுவார்கள். துக்கம் காக்கும் ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்ததும் கழற்றி, அந்தக் குடும்பத்தார் வழிபடும் பங்கு ஆலயத்துக்குக் கொண்டுபோய் மாட்டிவிடுவார்கள். எழுத்தறியாதவர்கூட வீதியில் நின்றபடி, இறந்தது கணவரா மனைவியா, மற்றவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைப் படித்துவிட முடியும். அந்தச் செய்தி முழுவதும் நீங்கள் கடைசியாக ஒரே வரியில் சொல்லிக் கடந்த கறுப்பு வெள்ளைப் பின்னணியில்தான் இருக்கிறது.

மரபுச்சின்னவியலில் வலம் இடம் என்பவை கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலமும் இடமும் ஆகும். ஆகவே நமக்கு இடப்பக்கமாகத் தெரிவது அவருக்கு வலப்பக்கம். அந்தப் பாதி கணவருடையது. மறுபாதி மனைவி பிறந்த குடும்பத்துச் சின்னம். யார் பக்கத்துப் பின்னணி கறுப்போ அவர் இறந்துவிட்டார். உங்கள் பலகையில் கணவரின் பக்கம் கறுப்பு, மனைவியின் பக்கம் வெள்ளை. அப்படியென்றால் கணவர் இறந்தபோது மனைவி உயிரோடு இருந்தார். மனைவி முந்தியிருந்தால் நிறங்கள் இடம் மாறியிருக்கும். மனைவியை இழந்து பின்னர் இறந்த கணவருக்கும், மணமாகாமல் இறந்த ஆணுக்கும் பின்னணி முழுவதும் கறுப்பு. பெண்ணுடைய பலகையில் தலைக்கவசமும் அதன் மேல் நிற்கும் உருவமும் வருவதில்லை. பெரும்பாலும் முடிச்சிட்ட நாடாவோ குழந்தை முக வானதூதரோ அந்த இடத்தை நிரப்புவார்கள்.

இனி அந்தச் சிவப்புக் கை. அதில் கொலை எதுவும் இல்லை. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1611இல் பேரனெட் என்ற பரம்பரைப் பட்டத்தை உருவாக்கினார். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் 30 படைவீரர்களை மூன்றாண்டு வைத்துக் காப்பதற்கான செலவைப் பட்டம் பெறுபவர் கொடுக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 8 பென்னி என்ற கணக்கில் அது 1,095 பவுண்டு ஆகிறது. அல்ஸ்டரின் அடையாளமான சிவப்புக் கை இப்படித்தான் பேரனெட்டுகளின் கேடயத்துக்கு வந்தது. வெள்ளி நிலத்தில் உள்ளங்கை தெரியும்படி விரித்த இடக்கை. இந்தக் கையைப் பார்த்துக் கொலைக்கதை கட்டியவர்கள் நிறையப் பேர். பர்மிங்காமில் ஆஸ்டன் மாளிகையைக் கட்டிய தாமஸ் ஹோல்ட் தம் சமையற்காரரை வெட்டிக் கொன்றதற்குத் தண்டனையாகவே அவருடைய சின்னத்தில் இரத்தக் கை சேர்ந்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். அவருக்கு அந்தக் கையைத் தந்தது 1611இல் கிடைத்த பேரனெட் பட்டம்.

நேராக நோக்கும் திறந்த தலைக்கவசமும் இதையே உறுதி செய்கிறது. அது நைட் என்ற வீரப்பட்டம் பெற்றவர்களுக்கும் பேரனெட்டுகளுக்கும் உரியது. பட்டமில்லாத கனவான் என்றால் மூடிய கவசம் பக்கவாட்டில் நோக்கும். ஆகவே 1611க்குப் பின் வாழ்ந்த, மனைவிக்கு முன் இறந்த, பேரனெட் பட்டம் பெற்ற ஓர் ஆண் என்பது வரை வந்துவிட்டோம். இதுவரை சிங்கத்தைப் பற்றி எதுவும் பேச வேண்டிய தேவை வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வேறு இரண்டு குறிப்புகள். 'ரெசுர்கம்' என்றால் 'நான் மீண்டும் எழுவேன்' என்று பொருள். குடும்பத்தின் வழக்கமான வாசகத்துக்குப் பதிலாக இறப்புப் பலகைகளில் பொதுவாக எழுதப்படும் சொல் அது. அதை வைத்துக் குடும்பத்தைத் தேடிப் பயனில்லை. சிவப்பு வெள்ளைத் துணியும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் பிரபுக்கள் அல்லாதார் எல்லாருக்கும் ஏறக்குறைய அதே நிறங்களைத்தான் தீட்டினார்கள்.

தூரிகை:

ஏடறிவான் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் நிறங்களை அவர் அப்படியே நம்பிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய ஓவியங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: நீங்கள் காணும் நிறம் வேறு, வரைந்தவர் தீட்டிய நிறம் வேறாக இருக்கலாம்.

பழைய வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகி, பிறகு தேன்நிறமாகிறது. மஞ்சள் கண்ணாடி வழியே பார்ப்பதைப் போன்ற நிலை அது. வெள்ளை பொன்னாகத் தெரியும், நீலம் பச்சையாகத் தெரியும். நீலத்துக்கு வேறு சங்கடங்களும் உண்டு. கோபால்ட் கலந்த கண்ணாடியைப் பொடித்துச் செய்யும் ஸ்மால்ட் என்ற பழைய நீலம் எண்ணெயில் நாள்பட நிறமிழந்து சாம்பலாகிவிடும். மரபுச்சின்னத்தில் இது சிறு விஷயம் இல்லை. நீல நிலத்தில் வெள்ளிப் பட்டை ஒரு குடும்பம் என்றால், பச்சை நிலத்தில் பொன் பட்டை முற்றிலும் வேறு குடும்பம். தவறான நிறத்தோடு தேடினால் தவறான ஆளிடம்தான் போய் நிற்பீர்கள்.

இதைச் சோதிக்க உங்கள் பலகையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. பேரனெட்டின் கை வரையப்படும் சிறு கட்டத்தின் நிலம் எப்போதும் வெள்ளிதான், ஓவியத்தில் அதை வெள்ளையாகத் தீட்டுவார்கள். ஆகவே அந்தக் கட்டத்தின் நிலம் இன்று எந்த நிறமாகத் தெரிகிறதோ, அதுதான் உங்கள் பலகையில் வெள்ளையின் இன்றைய நிறம். கூரைப்பட்டை, பறவைகள், சிங்கம் ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீலமா பச்சையா என்பதற்கு, வண்ணம் உதிர்ந்த இடங்களின் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும்; வார்னிஷ் பெயர்ந்து விழுந்த ஓரிடமாவது இருக்கும். வெளிச் சட்டகத்தின் விளிம்புக்கு அடியில், புகையும் வார்னிஷும் எட்டாத ஒரு விரற்கடை அகலப் பின்னணியும் கிடைக்கக்கூடும்.

சோப்பு நீர் வேண்டவே வேண்டாம். வெடித்த வண்ணத்தின் இடுக்குகளில் ஈரம் இறங்கினால் அடியிலுள்ள துணி சுருங்கி விரியும், வண்ணம் செதில் செதிலாக எழும்பும். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பது, ரொட்டியால் ஒற்றுவது போன்ற கைவைத்தியங்களும் கூடாது. சோறு, மாவு எதுவானாலும் இடுக்கில் தங்கினால் பூஞ்சைக்கு விருந்து. உமிழ்நீரில் நனைத்த பஞ்சால் அழுக்கெடுப்பது எங்கள் தொழிலில் உண்மையாகவே உள்ள முறை என்பதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஆனால் எந்த இடத்தில் செய்யலாம், எங்கே கூடாது என்று தெரிந்தவர்தான் அதையும் செய்ய வேண்டும். இப்போதைக்கு மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்ணம் எழும்பியிருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம்.

அகலமான சட்டகமும் அதன்மேல் துணி போர்த்திய தடயமும் 18ஆம் நூற்றாண்டையோ அதற்குப் பிந்தியதையோ காட்டுகின்றன. தொடக்ககாலப் பலகைகள் பொதுவாகச் சிறியவை, சட்டகமும் ஒடுக்கமாக இருக்கும்.

பலகைக்காரன்:

இருவருக்கும் நன்றி. மூலை மேலே வரும்படி திருப்பினேன்; கேடயம் நிமிர்ந்தது. பின்புறத்தில் வளையம் இல்லை. உச்சி மூலையில் இரண்டு துளைகளும், அவற்றைச் சுற்றித் துருவின் வட்டக் கறையும் இருக்கின்றன.

இன்று காலை ஜன்னலோரம் வைத்து உருப்பெருக்கியோடு இரண்டு மணி நேரம் பார்த்தேன். சிவப்புக் கையைச் சுற்றியுள்ள கட்டமும் கூரைப்பட்டையும் சிங்கமும் ஒரே வெளிர்மஞ்சள். பறவைகள் மட்டும் அவற்றைவிட அடர்ந்த நிறம், முட்டைக்கருவைப் போல. ஆகவே பட்டையும் சிங்கமும் வெள்ளி, பறவைகள் பொன் என்று கொள்கிறேன். கீழ்ப்பறவையின் வாலருகே வார்னிஷ் பெயர்ந்த மிளகளவு இடத்தில் நிலம் தெளிவான நீலமாக இருக்கிறது.

இரண்டு புதிய செய்திகளும் உண்டு. கூரைப்பட்டையின் உச்சியில் ஒரு சிறு கரும்பிறை இருக்கிறது. இதுவரை அதை அழுக்கு என்றே நினைத்திருந்தேன். சிங்கம் இருக்கும் பாதியில் கேடயத்தின் ஓரமாக முட்டைக்கரு நிறத்தில் ஒரு மெல்லிய கரை ஓடுகிறது. அதன் உள்விளிம்பு சிறு சிறு வளைவுகளாகக் கடித்தது போல் இருக்கிறது. ஆனால் அந்தக் கரை மேலும் வெளிப்புறமும் மட்டுமே உள்ளது. நடுக்கோட்டின் ஓரத்தில் இல்லை. வரைந்தவர் இதையாவது மறந்துவிட்டாரா?

எல்லாம் சரி. சிங்கத்துக்கும் பறவைக்கும் பொருளே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஏடறிவான்:

தூரிகைக்கு நான் கடன்பட்டேன். நிறத்தை நம்பியது என் பிழைதான்.

கரையைப் பற்றி முதலில். வரைந்தவர் இங்கும் எதையும் மறக்கவில்லை. கரை கட்டிய சின்னத்தை இன்னொன்றோடு பாதிக்குப் பாதி சேர்க்கும்போது, இணையும் கோட்டின் ஓரத்தில் கரையை விட்டுவிட வேண்டும் என்பது பழைய விதி. இந்தக் கரை கிடைத்தது பெரிய உதவி. கரையில்லாமல் சிவப்பு நிலத்தில் வெள்ளிச் சிங்கம் மட்டும் என்றால் அது நார்ஃபோக் பிரபுக்களாக இருந்த மோப்ரே வம்சத்தின் சின்னம். அந்த நேர்வழி 15ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று. அடிப்படைச் சின்னத்தைச் சுற்றிக் கரை கட்டி வேறுபடுத்துவது கிளைக்குடும்பங்களின் வழக்கம், குறிப்பாக ஸ்காட்லாந்தில். மனைவி ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்கவும் வாய்ப்புண்டு. அவருடைய சின்னம் கணவர் கேடயத்தின் நடுவே சிறு கேடயமாக அமையாமல் பக்கத்தில் அமைந்திருப்பதால், அவருக்கு உடன்பிறந்த ஆண்கள் இருந்திருக்கலாம். ஆண்வாரிசு இல்லாத தந்தையின் மகளுக்குத்தான் அந்த நடுக்கேடயம். பிறை, இரண்டாம் மகனுக்கு உரிய குறி. இறந்தவரோ அவருடைய முன்னோரோ இரண்டாம் மகனாகப் பிறந்திருக்கிறார்.

இனி உங்கள் சிங்கத்துக்கு வருகிறேன். 1385இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில், ரிச்சர்டு ஸ்குரோப், ராபர்ட் கிராஸ்வெனர் என்ற இரு நைட்டுகள் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள். நீல நிலத்தில் மூலைக்கு மூலை சாய்வாகச் செல்லும் ஒரு பொன் பட்டை, அவ்வளவுதான். வழக்கு 1390 வரை நடந்தது. நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் கவிஞர் ஜெஃப்ரி சாசரும் ஒருவர். லண்டனில் வெள்ளிக்கிழமைத் தெரு வழியாக நடந்து போகும்போது ஒரு வீட்டின் வெளியே அந்தச் சின்னம் தொங்குவதைக் கண்டு, ஸ்குரோப்பின் சின்னத்தை இங்கே மாட்டியிருப்பது யார் என்று தாம் கேட்டதாகவும், அது கிராஸ்வெனருடையது என்று பதில் வந்ததாகவும், அந்தப் பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டதாகவும் அவர் 1386இல் சாட்சியம் அளித்தார். நீலம் எதைக் குறிக்கிறது, பட்டைக்கு என்ன பொருள் என்பதைப் பற்றியது அன்று அந்த வழக்கு. யார் இதை எந்தப் போரில் தாங்கினார், அவருக்கு முன் அவருடைய தந்தை தாங்கினாரா என்பதே கேள்வி. வழக்கில் ஸ்குரோப் வென்றார்.

தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். பிரான்சில் அஞ்சூ என்ற பகுதியை ஆண்ட ஜெஃப்ரிக்கு 1128இல் பொற்சிங்கங்கள் பொறித்த நீலக் கேடயம் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் பேரன் வில்லியம் லாங்கெஸ்பே 1226இல் இறந்தபோது அவருடைய கல்லறையில், சாலிஸ்பரி பேராலயத்தில், அதே கேடயம் செதுக்கப்பட்டது. சின்னம் வழிவழியாக இறங்குகிறது என்பதற்கு இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சான்று காட்டுவார்கள். நிறங்களை நவமணிகளோடும் நற்பண்புகளோடும் பொருத்திப் பேசும் நூல்கள் பெருகியது பிற்பாடுதான். செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் 1486இல் அச்சான நூலில் அத்தகைய பொருத்தம் இருக்கிறது. அதற்குள் சின்னங்கள் தோன்றி மூன்று நூற்றாண்டுகள் கடந்திருந்தன. நீங்கள் பார்த்த பட்டியல்கள் அந்தக் கற்பனையின் பேரப்பிள்ளைகள்.

உருவங்களுக்குப் பின்னால் உண்மையாக அடிக்கடி ஒளிந்திருப்பது பெயர் மீதான சிலேடை. டிரம்பிங்டன் குடும்பத்துக்கு டிரம்பெட் என்னும் எக்காளம். லூசி குடும்பத்துக்கு, லூஸ் என்று பெயர் கொண்ட மூன்று மீன்கள். ஷேக்ஸ்பியரின் தந்தைக்கு 1596இல் கிடைத்த சின்னத்தில் ஒரு ஈட்டி. அவர்கள் பெயரின் பிற்பாதிக்கு ஈட்டி என்றே பொருள். காளமேகப் புலவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். உங்கள் பலகையில் தலைக்கவசத்தின் மேலுள்ள கையும் ஈட்டி பிடித்திருக்கிறது என்பதற்காக அவசரப்பட வேண்டாம். ஆயுதம் ஏந்திய கை மிகமிகப் பொதுவான உருவம்.

மறுதலை:

ஏடறிவான் ஒரு பக்கமாகச் சற்று அதிகம் சாய்ந்துவிட்டார். சின்னத்தில் பொருளே இல்லை என்பது, எல்லாவற்றிலும் பொருள் உண்டு என்பதைப் போலவே மிகை. அரசர் சிறப்புச் செய்து கூட்டிக்கொடுத்த உருவங்களில் வரலாறு வெளிப்படையாகவே பேசுகிறது. கடற்படைத் தளபதி கிளவுட்ஸ்லி ஷவலின் கேடயத்தில் இரண்டு பிறைகளும் ஓர் அல்லிப்பூவும் உண்டு. அவை துருக்கியர் மீதும் பிரெஞ்சுக்காரர் மீதும் அவர் பெற்ற வெற்றிகளைக் குறிப்பவை. நைல் போருக்குப் பின் 1798இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுடைய கேடயத்தின் மேற்பகுதியில் பனைமரமும் சிதைந்த கப்பலும் இடிந்த பீரங்கி மேடையுமாக ஒரு முழுக் காட்சியையே தீட்டினார்கள். பழைமைவாதிகளுக்கு அது பிடிக்காது, அஞ்சலட்டைப் படம் என்று பரிகசிப்பார்கள். ஆனால் அங்கே ஒவ்வோர் உருவத்துக்கும் காரணம் உண்டு. சின்னத்தை வழங்கிய ஆவணமே காரணத்தைச் சொல்கிறதா என்பதுதான் சோதனை. ஷவலின் பிறை வெற்றியைச் சொல்கிறது, உங்கள் பிறை இரண்டாம் மகனைச் சொல்கிறது. உருவம் ஒன்றுதான். பட்டியலைப் பார்த்துப் பொருள் சொல்பவர் இங்கேதான் வழுக்கி விழுவார்.

அச்சுத்தாளைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கிலாந்தில் குடும்பப்பெயருக்கென்று ஒரு சின்னம் கிடையாது. சின்னம் ஒரு மனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய ஆண்வழிச் சந்ததிக்கு இறங்குகிறது. ஒரே பெயருள்ள ஆயிரம் குடும்பங்களில் ஒன்றுக்கு இருக்கலாம், பத்துக்கு வெவ்வேறாக இருக்கலாம், மற்றவற்றுக்கு எதுவுமே இல்லாமல் இருக்கலாம். பெயரைச் சொன்னால் சின்னத்தை அச்சடித்துத் தரும் கடைகளின் தாள் அது. கிழித்துப் போட வேண்டாம், ஆனால் பலகையோடு சேர்த்தும் வைக்க வேண்டாம். நாளை வாங்குபவர் அதைச் சான்று என்று நம்பிவிடுவார்.

பலகைக்காரன்:

மறுதலை சொன்னபடி தாளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். சின்னத்தை ஒரே வாக்கியமாக எழுதிப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். கணவர்: நீல நிலத்தில் மூன்று பொன் கால்களற்ற பறவைகளுக்கு இடையே வெள்ளிக் கூரைப்பட்டை, பட்டையின் மேல் கரும்பிறை, பேரனெட் கட்டத்துடன். மனைவி: சிவப்பு நிலத்தில் எழுந்த வெள்ளிச் சிங்கம், வளைவு கடித்த பொன் கரைக்குள். இதை வைத்து எங்கே தொடங்குவது?

ஏடறிவான்:

மறுதலையின் திருத்தம் நியாயமானது, ஏற்கிறேன். உங்கள் வாக்கியமும் சரி. நிலத்தின் நிறத்தை முதலில் சொல்லி, பிறகு முதன்மை உருவத்தையும் மற்றவற்றையும் சொல்வதுதான் முறை. உலோகத்தின் (பொன், வெள்ளி) மேல் உலோகமும் நிறத்தின் மேல் நிறமும் வரக்கூடாது என்ற விதிக்கும் எல்லாம் பொருந்துகின்றன. நீலத்தின் மேல் வெள்ளியும் பொன்னும், வெள்ளியின் மேல் கறுப்பு, சிவப்பின் மேல் வெள்ளி. கால்களற்ற பறவைக்கு மார்ட்லெட் என்று பெயர். நான்காம் மகனின் குறியாக அது தனியே வருவதும் உண்டு. இங்கே கூரைப்பட்டையைச் சூழ்ந்து சின்னத்தின் உறுப்பாகவே மூன்று நிற்பதால் அந்தப் பொருள் கிடையாது.

பெயரிலிருந்து சின்னத்தைத் தேடும் நூல்கள் பல இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது தலைகீழ் வழி. 1874இல் வெளிவந்த பாப்வொர்த்தின் பெருந்தொகுப்பு சின்னங்களை உருவத்தின் அகரவரிசையில் அடுக்கியிருக்கிறது. மூன்று பறவைகளுக்கு இடையே கூரைப்பட்டை என்ற பகுதிக்குப் போய், நிறங்களைப் பொருத்திப் பாருங்கள். பல பெயர்கள் வரும். அவற்றில் பேரனெட் பட்டம் பெற்ற குடும்பங்களை மட்டும் வடிகட்டினால் சிலவே மிஞ்சும். அந்தச் சிலவற்றின் வம்சாவளியில், பொன் கரைக்குள் சிங்கம் உடைய குடும்பத்துப் பெண்ணை மணந்து அவருக்கு முன் இறந்தவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். இரண்டு பாதிகளும் சேர்ந்து ஒரு திருமணத்தைக் குறிப்பதால் இந்தத் தேடலில் ஏறக்குறைய கைரேகையைப் போன்ற துல்லியம் கிடைக்கும். சிக்கினால், 1484இல் நிறுவப்பட்ட மரபுச்சின்ன அமைப்பான லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் பணியில் இருக்கும் ஹெரால்டு என்னும் சின்ன அலுவலருக்கு எழுதலாம். கட்டணம் பெற்றுக்கொண்டு தேடித் தருவார்கள். மனைவியின் பாதிக்கு, ஸ்காட்லாந்தில் 1672 முதல் பராமரிக்கப்படும் லயன் என்ற மரபுச்சின்னப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். இத்தகைய பலகைகள் கடைசியில் ஆலயச் சுவருக்குப் போனவை. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில் உள்ள பொருளை, ஃபேகல்டி என்னும் திருச்சபை அனுமதி இல்லாமல் விற்க முடியாது. உங்களுடையது வீட்டிலேயே தங்கிவிட்டதாகவும் இருக்கலாம், பழுதுபார்க்க இறக்கியபோது ஆலயத்திலிருந்து வெளியேறியதாகவும் இருக்கலாம். பெயர் தெரிந்ததும் அந்தப் பங்கின் பொருள் பதிவேட்டை விசாரித்துவிடுங்கள். பீட்டர் சம்மர்ஸ் முன்னின்று நடத்திய கணக்கெடுப்பு, பிரிட்டனில் எஞ்சியுள்ள ஹாட்ச்மென்டுகளை மாவட்ட வாரியாக 10 தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறது. பாப்வொர்த்துக்கு முன் அதைப் புரட்டினாலும் தவறில்லை.

தூரிகை:

அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போது உங்கள் பலகையை மட்டும் தேடாதீர்கள், அதன் துணையையும் தேடுங்கள். மனைவி பின்னர் ஒருநாள் இறந்திருப்பார். அவருக்கும் ஒரு பலகை வரைந்திருக்க வாய்ப்புண்டு. அதில் இதே இரண்டு பாதிகளும் கேடயத்துக்குப் பதிலாகச் சாய்சதுரத்துக்குள் இருக்கும். தலைக்கவசம் இருக்காது, பின்னணி முழுவதும் கறுப்பாக இருக்கும். உங்கள் பலகை எந்தச் சுவரிலிருந்து வந்தது என்பது இன்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் அவருடையது இன்னமும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். அப்படியானால், வார்னிஷ் நிறம் மாறாத ஒரு நீலமும் உங்களுக்கு ஒப்பிடக் கிடைக்கும்.